48 வோல்ட் சைக்கிள் பேட்டரிக்கு மாஸ்ஃபெட் சுவிட்ச்: முதல் அரை நொடிதான் முக்கியம்

மின்சார சைக்கிளில் பேட்டரிக்கும் மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே சுவிட்ச் வைக்க நினைப்பவர்கள் முதலில் ஆம்பியரைத்தான் பார்க்கிறார்கள். கண்ட்ரோலர் 20 ஆம்பியர், அப்படியானால் 32 ஆம்பியர் எம்சிபி (வீட்டு மின்பலகையில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) தாராளம் என்று வாங்கி மாட்டிவிடுகிறார்கள். திண்டிவனத்தில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். உழவர் சந்தைக்குக் கீரை கொண்டுவரும் ஒரு அக்காவின் சைக்கிளிலும் இதேதான். "தம்பி, ஆன் பண்ணும்போதெல்லாம் பட்டுனு சத்தம் வருது, இப்ப ரெண்டு மூணு தடவை தட்டினாதான் ஓடுது" என்றார். எம்சிபியைப் பிரித்தால் உள்ளே தொடுமுனை கருகிக் குழி விழுந்திருந்தது.

ஓடும்போது போகிற 20 ஆம்பியரை அந்த எம்சிபி சுலபமாகத் தாங்கும். அதைக் கெடுத்தது ஆன் செய்கிற கணம். கண்ட்ரோலருக்குள் பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்த்து 1000 மைக்ரோஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். காலியாக இருக்கும் மின்தேக்கி அந்தக் கணத்தில் ஷார்ட் மாதிரியே நடந்துகொள்ளும். 13 செல் வரிசை கொண்ட 48 வோல்ட் பேக் முழு சார்ஜில் 54.6 வோல்ட். பேட்டரி, வயர், கனெக்டர் எல்லாம் சேர்ந்த தடை 0.1 ஓம் என்றால் கணக்குப்படி 500 ஆம்பியர் வரை பாய இடம் இருக்கிறது. அந்தப் பொறிதான் தொடுமுனையைத் தின்கிறது. அணைக்கும்போது இன்னொரு சிக்கல். வீட்டு ஏசி கரன்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் அந்த வசதி இல்லை.

வேலையைத் தொடங்கும் முன் இது உங்களுக்குத் தேவைதானா என்று பாருங்கள். பல கண்ட்ரோலர்களில் மெல்லிய சிவப்பு இக்னிஷன் வயர் ஒன்று தனியாக வரும். வண்டியை ஆன், ஆஃப் செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால் அதில் ஒரு சின்னச் சாவி சுவிட்ச் போதும். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது வரும் பொறிதான் தொல்லை என்றால், உள்ளே தடை வைத்த எக்ஸ்டி90 கனெக்டர் கிடைக்கிறது. சில பிஎம்எஸ்களில் (பேட்டரியைக் காக்கும் போர்டு) சுவிட்ச் வயரே இருக்கும். இவை எதுவும் ஒத்துவராமல், கைப்பிடியில் ஒரு சின்னப் பட்டனால் முழுச் சுமையையும் இணைத்துத் துண்டிக்க வேண்டும் என்பவர்களுக்கே இந்த மாஸ்ஃபெட் சர்க்யூட். மாஸ்ஃபெட் என்பது கேட் என்ற காலுக்கு வோல்ட் கொடுத்தால் டிரெயின், சோர்ஸ் என்ற மற்ற இரு கால்களுக்கு நடுவே கரன்ட்டை விடும் டிரான்சிஸ்டர்; கரன்ட்டை விடுவதைத் திறப்பது என்றும் நிறுத்துவதை மூடுவது என்றும் சொல்கிறேன்.

எந்த டிரான்சிஸ்டர்?

மாஸ்ஃபெட்டில் பி-சேனல், என்-சேனல் என இரண்டு வகை. பாசிட்டிவ் பக்கம் பி-சேனல் மாஸ்ஃபெட் வைப்பதுதான் பார்க்க எளிது. ஆனால் கடையில் சுலபமாகக் கிடைப்பவை இந்த வேலைக்குச் சரிப்படாது. ஐஆர்எஃப்9540என் 100 வோல்ட் தாங்கும், ஆனால் அதன் ஆன் தடை (முழுதாகத் திறந்திருக்கும்போது உள்ள தடை) 117 மில்லிஓம். 20 ஆம்பியரில் கிட்டத்தட்ட 47 வாட் வெப்பம், சால்டரிங் அயர்ன் அளவு சூடு. ஐஆர்எஃப்4905 தடை குறைவு, 20 மில்லிஓம். ஆனால் தாங்கும் வோல்ட் 55 மட்டுமே. 54.6 வோல்ட் பேட்டரிக்கு 55 வோல்ட் டிரான்சிஸ்டர் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அதனால் என்-சேனல், நெகட்டிவ் பக்கம். நான் போடுவது ஐஆர்எஃப்பி4110. 100 வோல்ட், ஆன் தடை அதிகபட்சம் 4.5 மில்லிஓம், கண்ட்ரோலர்களுக்குள்ளேயே நிறையப் பயன்படும் உருப்படி. ஒன்று மட்டும் வைத்தால் 20 ஆம்பியரில் 1.8 வாட். சூடானால் ஆன் தடையும் ஏறும், எனவே 3 வாட் என்றே கணக்குப் போடுங்கள். ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 பொட்டலம் ஒரு வாட்டுக்கு 62 டிகிரி சூடேறும் என்பதால் ஒன்று போதாது. இரண்டை இணையாகப் போட்டால் ஆளுக்கு 10 ஆம்பியர்; சூட்டையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 0.8 வாட்டுக்குள், அதாவது சுமார் 50 டிகிரி ஏற்றம். மே மாத வெயிலில் பெட்டிக்குள் 45 டிகிரி இருந்தாலும் நூறைத் தாண்டாது. முதுகிலுள்ள உலோகத் தகடு (டேப்) இரண்டையும் ஒரு செப்புப் பட்டையில் போல்ட் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

வாங்கும்போது கவனம் தேவை. ரிச்சி தெருவிலும் சரி, ஆன்லைனிலும் சரி, பழைய டிரான்சிஸ்டர் மேல் புது எண் அச்சிட்டது கலந்து வரும். நான் வாங்கிய ஒவ்வொன்றையும் சின்ன காம்பொனென்ட் டெஸ்டரில் போட்டுப் பார்ப்பேன். 4110-க்கு கேட் கொள்ளளவு டேட்டாஷீட்டில் 9620 பிகோஃபாரட். டெஸ்டர் 2000, 3000 என்று காட்டினால் உள்ளே இருப்பது சின்னச் சில்லு. இன்னும் உறுதி வேண்டுமென்றால் கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, டிரெயின் வழியாக 5 ஆம்பியர் அனுப்பி, கால்களின் அடியிலேயே மீட்டர் முனை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 20-ஐ ஒட்டி வர வேண்டும். 50-க்கு மேல் போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

1.5 ஜூல் ஆற்றலை எங்கே எரிப்பது?

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். 1000 மைக்ரோஃபாரடை 54.6 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் சேரும் ஆற்றல் சுமார் 1.5 ஜூல். அதே அளவு ஆற்றல் ஏற்றும் வழியில் உள்ள தடையில் வெப்பமாகப் போயே தீரும். மெதுவாக ஏற்றினாலும் வேகமாக ஏற்றினாலும் அந்த அளவு குறையாது. எந்தப் பொருளில் அது வெப்பமாகிறது என்பதை மட்டுமே நாம் தீர்மானிக்கலாம்.

கேட்டுக்கும் டிரெயினுக்கும் நடுவே ஒரு மின்தேக்கி வைத்து மாஸ்ஃபெட்டையே மெதுவாகத் திறக்கும் சர்க்யூட்டை நிறையப் பேர் வரைகிறார்கள். பாகம் குறைவு என்பது உண்மை. ஆனால் அப்போது அந்த 1.5 ஜூல் மாஸ்ஃபெட்டின் உடம்பில்தான் விழுகிறது. 12 மில்லிநொடியில் ஏற்றினால் தொடக்கத்தில் 250 வாட். இந்தக் காலத்து மாஸ்ஃபெட்டுகள் முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் செய்யப்பட்டவை. பாதி திறந்த நிலையில், சில்லில் எந்த இடம் சூடாகிறதோ அந்த இடம் இன்னும் எளிதாகத் திறந்து இன்னும் அதிக கரன்ட்டை இழுக்கும். இரண்டை இணையாக வைத்தாலும் பயன் இல்லை. முதலில் திறப்பது எதுவோ அதுவே முழுப் பாரத்தையும் சுமக்கும். டேட்டாஷீட்டில் பாதுகாப்பு இயக்க எல்லை என்று ஒரு வரைபடம் இருக்கும். 50 வோல்ட் கோட்டில், 10 மில்லிநொடி வளைவு எவ்வளவு கீழே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள், புரிந்துவிடும்.

ஆகவே முதலில் ஒரு சின்ன மாஸ்ஃபெட்டும் சிமென்ட் தடையும் மின்தேக்கியை நிரப்பட்டும். நிரம்பியது உறுதியான பிறகே பெரிய மாஸ்ஃபெட்டுகள் திறக்கட்டும். சிமென்ட் தடைக்கு 1.5 ஜூல் ஒரு பொருட்டே இல்லை.

சர்க்யூட்

பேட்டரி பாசிட்டிவிலிருந்து முதலில் 30 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து நேராகக் கண்ட்ரோலர் பாசிட்டிவ். கார்களில் வரும் சாதா பிளேடு ஃபியூஸ் 32 வோல்ட்டுக்கு உரியது, 48 வோல்ட் வண்டியில் அது எரிந்தாலும் பொறி நிற்காமல் போகலாம். 58 வோல்ட் என்று அச்சிட்டதைத் தேடி வாங்குங்கள்.

ஃபியூஸுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளேயே, பாசிட்டிவிலிருந்து 10 கிலோஓம் அரை வாட் தடை ஒன்று. அதன் மறுமுனையிலிருந்து வயர் கைப்பிடி சுவிட்சுக்குப் போய்த் திரும்பி வரட்டும். திரும்பி வரும் இடத்தைக் கட்டளை முனை என்று வைத்துக்கொள்வோம். தடையைப் பெட்டிக்குள் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: கைப்பிடி வயர் எங்காவது உரசித் தோல் கிழிந்தாலும் அதில் ஐந்தாறு மில்லிஆம்பியருக்கு மேல் போகாது.

கட்டளை முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு மூன்று பாகங்கள் இணையாக: 1என்4742ஏ என்ற 12 வோல்ட் ஜீனர் (வோல்ட்டை 12-ஐத் தாண்டவிடாத டயோடு), 10 கிலோஓம் தடை, 10 நானோஃபாரட் மின்தேக்கி. மாஸ்ஃபெட் கேட் 20 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஜீனர் அதைக் காக்கிறது. பேட்டரி 39 வோல்ட்டுக்கு இறங்கினாலும் இந்த முனையில் 12 வோல்ட் நிற்கும். கீழே இழுக்கும் தடையை மெகாஓமில் போடாதீர்கள். மழையில் சுவிட்ச் நனைந்து சில நூறு கிலோஓம் கசிவு வந்தால், அது மாஸ்ஃபெட்டைப் பாதி திறந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். 10 கிலோஓம் இருந்தால் அவ்வளவு சுலபத்தில் ஏறாது.

நிரப்பும் பகுதி: ஐஆர்எஃப்540என் ஒன்று. கேட் 100 ஓம் வழியாகக் கட்டளை முனைக்கு, சோர்ஸ் பேட்டரி நெகட்டிவுக்கு. டிரெயினிலிருந்து 100 ஓம் 10 வாட் சிமென்ட் தடை, அதோடு வரிசையாக 72 வோல்ட் தாங்கும் 0.2 ஆம்பியர் பாலிஃபியூஸ் (சூடானால் கரன்ட்டைத் தடுக்கும் ஃபியூஸ்), அங்கிருந்து கண்ட்ரோலர் நெகட்டிவுக்கு. தொடக்க கரன்ட் அரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கண்ட்ரோலர் உள்ளே ஷார்ட் ஆகிக் கிடந்தால் தடையில் 30 வாட் விழும். கொஞ்ச நேரத்தில் பாலிஃபியூஸ் சூடாகித் தடுத்துவிடும்.

முதன்மைப் பகுதி: இரண்டு 4110. சோர்ஸ் இரண்டும் பேட்டரி நெகட்டிவுக்கு, டிரெயின் இரண்டும் கண்ட்ரோலர் நெகட்டிவுக்கு. ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனியாக 22 ஓம். இணையாக இருக்கும் மாஸ்ஃபெட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து அலைவதை இது தடுக்கும். இரண்டு 22 ஓம் தடைகளும் சேருமிடம் முதன்மைக் கேட் முனை. கட்டளை முனையிலிருந்து இங்கே 1 மெகாஓம், இங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி. எலக்ட்ரோலிட்டிக் வேண்டாம், அதன் கசிவே 1 மெகாஓமில் வரும் கரன்ட்டைச் சாப்பிட்டுவிடும்.

இனி காவல்காரன். பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று, கலெக்டர் முதன்மைக் கேட் முனைக்கு, எமிட்டர் பேட்டரி நெகட்டிவுக்கு. பேஸுக்குக் கண்ட்ரோலர் நெகட்டிவிலிருந்து 1 மெகாஓம்; பேஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு 100 கிலோஓம். கண்ட்ரோலர் மின்தேக்கி நிரம்பாத வரை மாஸ்ஃபெட்டின் குறுக்கே வோல்ட் அதிகமாக இருக்கும், பிசி547 கேட்டைத் தரையில் அழுத்திப் பிடித்திருக்கும். குறுக்கு வோல்ட் ஆறை ஒட்டி இறங்கியதும் பிடியை விடும். அதன் பிறகே 1 மைக்ரோஃபாரட் ஏறத் தொடங்கி, பெரிய மாஸ்ஃபெட்டுகள் திறக்கும். மொத்தத்தில் அரை நொடி. நேரத்தை மட்டும் நம்பும் சர்க்யூட்டுகளில் இந்தச் சோதனை இருக்காது. கண்ட்ரோலர் ஷார்ட் ஆகியிருந்தாலும் நேரம் வந்ததும் திறந்து மாஸ்ஃபெட்டை இழந்துவிடும். இரண்டு ரூபாய் டிரான்சிஸ்டரை இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

திறப்பது மெதுவாக இருக்கலாம், மூடுவது வேகமாக இருக்க வேண்டும். மேம்பாலம் ஏறும்போது யாராவது சுவிட்சை அணைத்தால், 1 மெகாஓம் வழியாகக் கேட் இறங்கிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் மாஸ்ஃபெட் பாதி திறந்தபடி 20 ஆம்பியரைச் சுமக்கும். அதைத் தவிர்க்க பிசி557 என்ற இன்னொரு சின்ன டிரான்சிஸ்டர்: பேஸ் கட்டளை முனைக்கு, கலெக்டர் பேட்டரி நெகட்டிவுக்கு. முதன்மைக் கேட் முனையிலிருந்து 1என்4148 டயோடு வழியாக எமிட்டருக்கு, டயோடின் கோடு போட்ட பக்கம் எமிட்டரை நோக்கி. கட்டளை முனை இறங்கியதும் இது கேட்டை ஒரு மில்லிநொடிக்குள் காலி செய்துவிடும். டயோடை விட்டுவிட்டால் வேலை கெட்டுவிடும். ஆன் செய்யும்போது பிசி557-ன் பேஸுக்கும் எமிட்டருக்கும் தலைகீழாக 12 வோல்ட் விழும், அதன் எல்லை 5 வோல்ட். அது உடைந்து கேட்டை முன்கூட்டியே ஏற்றப் பார்க்கும்.

கடைசியாக முதன்மை மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 1.5கேஇ68ஏ சர்ஜ் டயோடு, கோடு டிரெயின் பக்கம். 58 வோல்ட் வரை சும்மா இருக்கும். வயரின் தூண்டலால் எகிறும் உச்சத்தை 92 வோல்ட்டில் வெட்டிவிடும். மாஸ்ஃபெட்டின் எல்லை 100 என்பதால் பொருத்தமாக அமைகிறது.

நிரப்பும் தடையின் மதிப்பை உங்கள் வண்டிக்கு ஏற்பச் சரிபாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது இழுக்கும் கரன்ட்டை அந்தத் தடையால் பெருக்கினால் 5 வோல்ட்டுக்குள் வர வேண்டும். 40 மில்லிஆம்பியர் என்றால் 100 ஓமில் 4 வோல்ட், சரி. ஹெட்லைட் எப்போதும் எரியும்படி இணைத்திருந்தால் 100 மில்லிஆம்பியர் தாண்டும், காவல்காரன் பிடியை விடவே மாட்டான். அப்போது 47 ஓம் போட்டு, பாலிஃபியூஸையும் 0.4 ஆம்பியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நெகட்டிவில் வெட்டுவதற்கான விலை

நெகட்டிவ் பக்கம் சுவிட்ச் வைத்தால் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டே ஆக வேண்டும்: சுவிட்சால் அணைய வேண்டிய எல்லாக் கருவிகளின் நெகட்டிவும் டிரெயின் பக்கம் வர வேண்டும். போன் சார்ஜ் செய்ய ஒரு கன்வெர்ட்டரை நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு, அதன் நெகட்டிவ் எங்காவது ஹாரன் அல்லது லைட் வயரோடு சேர்ந்துவிட்டால், மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போது கண்ட்ரோலர் அந்த நூல் வயர் வழியாகக் கரன்ட்டைத் தேடிக்கொள்ளும். வயர் உருகும். வண்டிச் சட்டத்தை எதற்கும் நெகட்டிவாகப் பயன்படுத்தாதீர்கள். சார்ஜர் சாக்கெட் மட்டும் பேட்டரி பக்கமே இருக்கட்டும்.

மாஸ்ஃபெட்டுக்குள் ஒரு டயோடு பிறவியிலேயே இருக்கிறது. எனவே இந்தச் சுவிட்ச் ஒரு திசையை மட்டுமே அடைக்கும். கியர் இல்லாத ஹப் மோட்டார் இறக்கத்தில் வேகமாகச் சுற்றிப் பேட்டரி வோல்ட்டைத் தாண்டினால், சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பேட்டரிக்குள் சார்ஜ் போகும். கியர் வைத்த ஹப்பில் உள்ளே ஃப்ரீவீல் இருப்பதால் பொதுவாக இந்தக் கவலை இல்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும், அதாவது ஆனிலேயே நின்றுவிடும். ஆகவே மோட்டார் வயரில் கை வைக்கும் முன் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். "சுவிட்ச் ஆஃப்லதானே இருக்கு அண்ணே" என்று என் பட்டறைப் பையன் சொன்னாலும் நான் விடுவதில்லை. பிஎம்எஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போகும் இணைப்பும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

கட்டுவதும் சோதிப்பதும்

சாதா பிசிபியின் செம்பு 20 ஆம்பியருக்குப் போதாது. சின்னப் பாகங்கள் மட்டும் போர்டில் இருக்கட்டும். 4110-ன் டேப் என்பது டிரெயின்தான். அதனால் இரண்டு டேப்பையும் மைக்கா வைக்காமல் நேராக 15 மில்லிமீட்டர் அகலச் செப்புப் பட்டையில் போல்ட் செய்து, அந்தப் பட்டையிலேயே லக் வைத்துக் கண்ட்ரோலர் நெகட்டிவை முறுக்கிவிடலாம். பட்டையில் கரன்ட் இருக்கும், பெட்டி உலோகமாக இருந்தால் தொடவே கூடாது. சோர்ஸ் கால்கள் இரண்டையும் 4 சதுர மில்லிமீட்டர் வயரில், கால் நீளத்தைக் குறைத்துச் சால்டர் செய்யுங்கள். இரண்டு பாதையும் ஒரே நீளமாக இருந்தால் கரன்ட் சமமாகப் பிரியும். சிமென்ட் தடையைப் பிளாஸ்டிக்கிலிருந்து விலக்கி வையுங்கள்.

முதல் சோதனையில் கண்ட்ரோலரை இணைக்க வேண்டாம். அதற்குப் பதில் 1000 மைக்ரோஃபாரட் 100 வோல்ட் மின்தேக்கி ஒன்று, அதன் குறுக்கே 4.7 கிலோஓம் 1 வாட் தடை. பேட்டரி பாசிட்டிவில் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸாகப் போடுங்கள். எங்கே தவறு இருந்தாலும் பல்ப் மங்கலாகச் சிவக்கும், வேறெதுவும் எரியாது. சுவிட்ச் ஆஃபில் கட்டளை முனையும் முதன்மைக் கேட் முனையும் பூஜ்யம் காட்ட வேண்டும். ஆன் செய்ததும் கட்டளை முனை 12 வோல்ட்டுக்குத் தாவும், டிரெயின் இறங்கும், அதன் பிறகே முதன்மைக் கேட் மெல்ல ஏறும். மீட்டரில் கேட் 12-க்குப் பதில் 11-ஐ ஒட்டிக் காட்டினால் பயப்படாதீர்கள். மீட்டரின் 10 மெகாஓம் அந்த 1 மெகாஓமோடு சேர்ந்து வோல்ட்டைப் பிரிப்பதால் அப்படித் தெரிகிறது.

அடுத்து மின்தேக்கியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வயரால் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ஆன் செய்யுங்கள், பல்ப் சீரிஸிலேயே இருக்கட்டும். முதன்மைக் கேட் பூஜ்யத்திலேயே நிற்க வேண்டும். இதில் தேறாத போர்டை நான் வண்டியில் ஏற்றுவதில்லை.

பிறகு பல்பை எடுத்துவிட்டுக் கண்ட்ரோலரை இணைத்து, பாரம் வைத்து ஒரு ஏற்றம் ஏறிப் பாருங்கள். 20 ஆம்பியர் போகும்போது டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே 45 மில்லிவோல்ட், சூடான பிறகு 75 வரை வரலாம். 100-ஐத் தாண்டினால் ஒரு மாஸ்ஃபெட் வேலை செய்யவில்லை, அல்லது சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை.

அக்காவின் சைக்கிளில் பெட்டியைக் கேரியருக்கு அடியில், வயர் வெளிவரும் துளை கீழ்ப்பக்கம் இருக்கும்படி மாட்டினேன். கீரைக் கட்டிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். கைப்பிடியில் ரப்பர் மூடி போட்ட புஷ்-லாக் சுவிட்ச். ஆஃபில் போர்டு இழுப்பது சுமார் 50 மைக்ரோஆம்பியர், ஆனில் 4 மில்லிஆம்பியரைச் சற்றுத் தாண்டும். ஓரிரு மாதம் வண்டி ஓடாது என்றால் கனெக்டரைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் லக் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கி, ஃபியூஸ் ஹோல்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துக் கொடுப்பேன்.